மிதந்து சுழலும் மின்னோடி

(பள்ளி அறிவியல் மன்ற விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

அறிவியல் மன்றத்தில் பேசுவதற்குத் தமிழாசிரியன் ஒருவனை ஏன் அழைத்தார்கள் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். எழுத்தும் சொல்லும் கற்பிப்பவனுக்கு மின்னோட்டத்தில் என்ன வேலை என்று கேட்பதும் பொருத்தமே. அதற்கு என் விடை இது: ஒரு பொருளைச் செய்தவன் அதனைத் தன் சொல்லால் விளக்கும்போதுதான் அவன் அறிந்தது எது, அறியாதது எது என்பது வெளிப்படும். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை ஆராய்வதே என் தொழில். அந்த உரிமை ஒன்றைக் கொண்டே உங்கள்முன் நிற்கின்றேன்.

இந்த மேசைமேல் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் செய்துவைத்திருக்கும் சிறு பொறியை அனைவரும் பார்த்தீர்கள். விளக்கொளி பட்டதும் அது சுழல்கிறது. அதன் தண்டு எந்தத் தாங்கியின்மீதும் படுத்திருக்கவில்லை, காற்றில் மிதக்கிறது. மின்கம்பியும் இல்லை, மின்கல அடுக்கும் இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் "ஆகா!" என்றார்கள். அந்த வியப்பு நன்று. ஆனால் வியப்போடு நின்றுவிட்டால் இது கண்கட்டு வேடிக்கையாகிவிடும், வியப்பைக் கடந்து "எப்படி?" என்று கேட்டால்தான் அறிவியலாகும். எனவே இதனை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்ப்போம்.

நடுவே நீண்ட மெல்லிய தண்டு. அதன் நடுப்பகுதியில் நான்கு முகங்களையுடைய ஓர் உடல். ஒவ்வொரு முகத்திலும் ஒரு கதிரொளி மின்கலம். அவ்வுடலைச் சுற்றி மெல்லிய செப்புக்கம்பியால் இரண்டு சுருள்கள், ஒன்றுக்கொன்று குறுக்காக. தண்டின் இரு பக்கங்களிலும் வளையக் காந்தங்கள். அடிப்பலகையில், அவ்வளையங்களுக்குக் கீழே, பக்கத்துக்கு இரண்டாக நான்கு காந்தங்கள். ஒத்த முனைகள் ஒன்றையொன்று தள்ளும் என்பது நீங்கள் கீழ் வகுப்பிலேயே கற்றது. அந்தத் தள்ளுவிசையே தண்டைத் தூக்கி நிறுத்துகிறது. சுழலும் உடலுக்கு நேர் கீழே இன்னொரு காந்தம் இருக்கிறது. அது தூக்குவதற்கன்று, சுழற்றுவதற்கு.

சுழற்சி எவ்வாறு பிறக்கிறது? 1820-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஆர்சுடெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். மறு ஆண்டே, 1821-இல், இங்கிலாந்தின் மைக்கேல் பாரடே, இதளில் (பாதரசத்தில்) தோய்ந்து தொங்கிய கம்பி ஒன்று மின்னோட்டம் பாய்ந்தபோது காந்தத்தைச் சுற்றிச்சுற்றி வருவதைச் செய்து காட்டினார். பாரடே பெரிய கல்லூரி எதிலும் பயின்றவரல்லர். நூல் கட்டும் கடையில் தொழில் பயின்ற ஏழைப் பிள்ளை. தாம் கட்டிய நூல்களையே படித்து அறிவியலுக்குள் நுழைந்தவர். இன்று உலகில் ஓடும் மின்னோடி ஒவ்வொன்றும் அந்தக் கம்பியின் வழிவந்ததே.

ஆனால் மின்னோடி இடைவிடாது சுழலவேண்டுமானால் ஒரு சிக்கல் உண்டு. சுருள் பாதிச் சுற்றுச் சுற்றியதும் அதன் மேற்பக்கம் கீழாகிவிடும். மின்னோட்டம் முன்போலவே பாய்ந்தால், முன்னே தள்ளிய விசை இப்போது பின்னே இழுக்கும். சுருள் ஆடி ஆடி நின்றுவிடும். எனவே அரைச்சுற்றுக்கு ஒருமுறை மின்னோட்டத்தின் திசையை மாற்றியாகவேண்டும். பழைய வகை மின்னோடிகளில் இந்த வேலையைப் பிளந்த செப்பு வளையமும் அதனை உரசும் கரித்துண்டுகளும் செய்யும். உரசுவதால் கரி தேயும், பொறி பறக்கும், சூடு உண்டாகும்.

இந்த மின்னோடியில் அந்தக் கரித்துண்டு இல்லை. அதன் வேலையைச் செய்வது யார்? ஒளி! எதிரெதிர் முகங்களில் உள்ள இரண்டு மின்கலங்களும் ஒரே சுருளோடு, முனை மாற்றி, இணைக்கப்பட்டிருக்கின்றன. மேலே வந்து ஒளியைப் பார்க்கும் கலம் மின்னோட்டம் தருகிறது. கீழே நிழலில் கிடக்கும் கலம் வாளா இருக்கிறது. மின்னோட்டம் பெற்ற சுருளைக் கீழுள்ள காந்தத்தின் புலம் ஒருபுறம் தள்ளுகிறது. உடல் கால்பங்கு திரும்புகிறது. உடனே அடுத்த முகம் மேலே வந்து மற்றச் சுருளுக்கு மின்னோட்டம் தருகிறது. இன்னும் கால்பங்கு திரும்பினால் முதற் சுருளின் முறை மீண்டும் வருகிறது. ஆனால் இம்முறை எதிர்முகக் கலம் மேலே இருக்கிறது. சுருள் தலைகீழாகியிருக்கிறது, மின்னோட்டமும் தலைகீழாகியிருக்கிறது. இரண்டும் மாறியதால் தள்ளும் திசை மாறவில்லை! ஒளியும் நிழலும் மாறிமாறி வருவதே இங்கே திசைமாற்றி. தேய்வதற்கு அதில் ஒன்றுமில்லை. இதனினும் எளிய, இதனினும் அழகிய ஏற்பாடு வேறென்ன வேண்டும்?

இதனை முதலில் எண்ணியவர் யார்? ஒளியிலிருந்து மின்னோட்டம் பிறக்கும் என்பதை 1839-இல் கண்டறிந்த பிரான்சு நாட்டு எட்மண்டு பெக்கரல் அப்போது பத்தொன்பது அகவை இளைஞர். தம் தந்தையாரின் ஆய்வகத்தில் செய்து பார்த்தபோதே அது தெரியவந்தது. மாணவச் செல்வங்களே, அவருக்கும் உங்களுக்கும் அகவையில் பெரிய வேற்றுமை இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் நூறாண்டுக்கு மேல் கழிந்து, 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவர் சிலிக்கன் என்னும் தனிமத்தைக் கொண்டு பயன்தரத்தக்க முதல் கதிரொளி மின்கலத்தைச் செய்தனர். விழுந்த ஒளியில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை அது மின்னாற்றலாக்கிற்று. நான்கு ஆண்டுகளில், 1958-இல், அத்தகைய கலங்களைத் தாங்கிய வான்கார்டு-1 என்னும் செயற்கை நிலா விண்ணேறியது.

அம்மூவருள் ஒருவராகிய சேப்பின், 1962-இல் கதிரவ ஆற்றல் பற்றிய ஆய்வுப் பயிற்சி ஒன்றில், ஒளியே திசைமாற்றியாக அமையும் மின்னோடியை விளக்கினார். அவருடைய மின்னோடி காந்தத்தால் மிதக்கவில்லை. கண்ணாடிக் குழல் ஒன்று ஊசிமுனைமேல் நின்று சுழன்றது. பின்னர், 1994-இல், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மெண்டோசினோ மாவட்டத்துப் போர்ட்டு பிராக்கு என்னும் கடற்கரை ஊரைச் சேர்ந்த இலாரி சுபிரிங் என்பவர், தம் முயற்சியாலேயே இத்தகைய மின்னோடியைச் செய்து, தண்டைக் காந்தங்களின்மேல் மிதக்கவிட்டார். அதனால்தான் உலகெங்கும் இது மெண்டோசினோ மின்னோடி என வழங்கப்படுகிறது. அன்று தொட்டுப் பல நாடுகளிலும் மாணவர்கள் இதனைச் செய்துவருகின்றனர். பெரிய ஆய்வகம் வேண்டுவதில்லை. நான்கு கலம், இரண்டு சுருள், சில காந்தம், பொறுமை - இவை போதும்.

இனி நான் சொல்லவந்த தலையாய செய்திக்கு வருகின்றேன். இந்தப் பொறி மிதக்கிறது என்கிறோம். உண்மையில் முழுமையாக மிதக்கிறதா? கூர்ந்து பாருங்கள். தண்டின் ஒரு முனை கூராக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கூர்முனை, பக்கத்தில் நிறுத்தியிருக்கும் கண்ணாடித் துண்டை மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஊசிமுனையளவு இடம்! அந்த ஓரிடத்தில் மட்டும் இப்பொறி இவ்வுலகைத் தொடுகிறது.

விழா தொடங்குமுன், இதனைச் செய்தவர்களுள் ஒரு மாணவியிடம் கேட்டேன்: "இந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டால் இன்னும் அழகாக இருக்குமே, அம்மா? முழுவதும் மிதப்பதாகச் சொல்லிக்கொள்ளலாமே?" அப்பெண் சற்றும் தயங்காமல் சொன்னாள்: "எடுத்தால் நிற்காது, ஐயா. தண்டு நீளவாட்டில் நழுவி ஓடிவிடும். நாங்கள் எடுத்துப் பார்த்தோம். காந்தங்களை எத்தனையோ வகையாக மாற்றி வைத்தும் பார்த்தோம். எங்காவது ஒரு பக்கம் ஓடத்தான் செய்தது."

அன்பர்களே, அப்பெண் பட்டறிவால் கண்ட அந்த உண்மையை 1842-இல் நூல்வடிவாக்கியவர் எர்ன்சா என்னும் ஆங்கில நாட்டுக் கணக்கறிஞர். கிறித்தவத் திருச்சவையில் பணியாற்றியவர். அவர் காந்த விளையாட்டுப் பொருளை எண்ணி அதனை எழுதவில்லை. நுண்துகள்களுக்கிடையே உள்ள விசைகளை ஆராயப் புகுந்து அம்முடிவுக்கு வந்தார். அதனை நம் பொறிக்குப் பொருத்திச் சொன்னால் இதுதான்: நிலைக்காந்தங்களை எவ்வளவு திறமையாக அடுக்கினாலும், அசையாது நிற்கும் இன்னொரு காந்தத்தை அவற்றால் மட்டுமே எல்லாப் பக்கமும் நிலையாக நிறுத்த இயலாது. மேலும் கீழும் நிலைப்படுத்தினால் பக்கவாட்டில் நழுவும். பக்கவாட்டில் நிலைப்படுத்தினால் நீளவாட்டில் நழுவும். குதிரைச் சேணத்தின் நடுவில் ஒரு கோலியை வைத்துப் பாருங்கள். முன்பின்னாக அது பள்ளத்தில் இருக்கிறது. இடம்வலமாகவோ மேட்டில் இருக்கிறது. ஒரு திசையில் பள்ளமாகும்போது இன்னொரு திசையில் மேடாவதே காந்த விசையின் இயல்பு. எல்லாத் திசையிலும் பள்ளமான கிண்ணத்தை நிலைக்காந்தங்களால் வனைய முடியாது.

அப்படியாயின் காந்தத்தால் மிதக்கும் தொடர்வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்பீர்கள். சீனத்தின் சாங்காய் நகரில் அத்தகைய வண்டி 2004 முதல் மக்களை ஏற்றிச் செல்கிறது. அதில் உள்ளவை மின்காந்தங்கள். வண்டிக்கும் தடத்துக்கும் இடையே உள்ள ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இடைவெளியை உணர்கருவிகள் ஓயாது அளந்துகொண்டே இருக்கின்றன. இடைவெளி மயிரிழை மாறினாலும் மின்னோட்டம் கூட்டியும் குறைத்தும் திருத்தப்படுகிறது. 1997-இல் நெதர்லாந்து நாட்டின் நைமேகன் நகரில் உயிருள்ள தவளை ஒன்றைக் காந்தப்புலத்தில் மிதக்கவிட்டார்கள். தவளையின் உடலில் உள்ள நீர் காந்தப்புலத்தால் மிக மெல்லத் தள்ளப்படும் இயல்புடையது. அத்தகைய பொருள்களை எர்ன்சாவின் தடை கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் அந்தச் சிறு தவளையைத் தூக்குவதற்கே பெருமின்னாற்றல் உண்ணும் மாபெரும் மின்காந்தம் வேண்டியிருந்தது. ஆக, தடையைக் கடக்க வழியுண்டு. ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலையுண்டு. இயற்கை எவர்க்கும் கடன் வைப்பதில்லை. நம் மாணவர்கள் கொடுத்த விலை ஓர் ஊசிமுனை. அதனை அவர்கள் மறைக்கவில்லை. கண்ணாடியிலேயே வைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

இதனை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்? இந்தப் பொறியைக் காட்டி, "இதோ பாருங்கள், எரிபொருளின்றி, செலவின்றி, என்றென்றும் ஓடும் பொறி! காந்தத்துக்குள் அள்ள அள்ளக் குறையாத ஆற்றல் புதைந்து கிடக்கிறது!" என்று சொல்வோர் உலகெங்கும் உளர். அதனை நம்பிக் கைப்பொருள் இழப்போரும் உளர். உங்கள் கையை அந்த விளக்குக்கும் பொறிக்கும் இடையே நீட்டுங்கள். நிழல் விழுந்ததும் பொறி தளர்ந்து நிற்கும். அப்போது ஆற்றல் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடுமன்றோ? ஆற்றல் தந்தது ஒளி. காந்தம் தாங்கியது, அவ்வளவே. மேசை புத்தகத்தைத் தாங்குகிறது. அதற்காக மேசைக்கு யாரும் சோறிடுவதில்லை. தாங்குதல் வேறு, வேலை செய்தல் வேறு. இந்த வேற்றுமையை உணர்ந்தவனை எந்தப் பொய் வணிகனும் ஏமாற்ற முடியாது.

அந்த ஒளி தருவதும் அளவுடையதே. உச்சிவெயில், ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமுமான பரப்பில் ஏறத்தாழ 1000 வாட்டு ஆற்றலைப் பொழிகிறது. 6 சென்டிமீட்டர் நீளமும் 3 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு சிறு கலத்தின்மேல் விழுவது 1.8 வாட்டு. அதில் ஐந்திலொரு பங்கு மின்னாற்றலாகும் என்று கொண்டாலும் கிடைப்பது 0.36 வாட்டுதான். பழைய கூரை மின்விசிறிக்கு வேண்டியது ஏறத்தாழ 75 வாட்டு. இருநூறு மடங்குக்கு மேல்! ஆகவே இப்பொறியைக் கொண்டு விசிறி சுழற்றலாம், நீர் இறைக்கலாம் என்று யாரேனும் சொன்னால் அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அதற்காகக் கதிரொளியை எளிதாகவும் எண்ணிவிடாதீர்கள். 2016-இல் இராமநாதபுர மாவட்டத்துக் கமுதியில் இயங்கத் தொடங்கிய கதிரொளி மின்நிலையத்தின் திறன் 648 மெகாவாட்டு. அங்கே விரிந்து கிடப்பதும் இங்கே சுழல்வதும் ஒரே அறிவியல்தான், பரப்புத்தான் வேறு.

இனி, இம்மாணவர்களின் உழைப்பைப் பற்றிச் சில சொற்கள். மூன்று கிழமை இப்பொறி சுழலவே இல்லை என்று இவர்களின் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்கள். முதலில் கலம் உடைந்தது. சிலிக்கன் தகடு அப்பளத்தைப் போல் நொறுங்கும். பிறகு பற்றவைப்பு விட்டுப்போயிற்று. பிறகு ஒரு கலத்தை முனை மாற்றாமல் இணைத்துவிட்டார்கள். உடல் ஊசலாடிற்றேயன்றிச் சுழலவில்லை. அதைத் திருத்திய பின்னும், எடைமிகுந்த பக்கம் எப்போதும் கீழேயே போய் நின்றது. எதிர்ப்பக்கத்தில் கடுகளவு மெழுகை ஒட்டியும் சுரண்டியும் எடையைச் சமன் செய்தார்கள். கடைசியில், குழல்விளக்கின் கீழ் அசையாத பொறி, பழைய இழைவிளக்கை ஏற்றியதும் சுழன்றது. சிலிக்கன் கலம் சிவப்பொளியையும் அதற்கப்பால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரையும் விரும்பி உண்ணும். இழைவிளக்கில் அவை மிகுதி. இவற்றுள் ஒவ்வொரு தோல்வியும் ஒரு பாடம். இந்த ஐந்து பாடங்களையும் எந்தப் பாடநூலும் இவ்வளவு உறுதியாகக் கற்பித்திருக்க முடியாது.

பெற்றோர்களே, இங்கே உங்களிடம் ஒன்று சொல்லியாகவேண்டும். அறிவியல் கண்காட்சி என்றதும் கடைக்குச் சென்று ஆயத்தமாய் விற்கும் பொறியை வாங்கிவந்து, பிள்ளையின் பெயரை ஒட்டி வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நான் நடுவராகச் சென்ற ஒரு கண்காட்சியில் மிக அழகிய பொறி ஒன்றைக் கண்டேன். அதன் அருகே நின்ற சிறுவன் ஆங்கிலத்தில் ஒரு பத்தியை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். "தம்பி, இந்தக் கம்பி எதற்கு?" என்று தமிழில் கேட்டேன். மீண்டும் அதே பத்தியைத் தொடக்கத்திலிருந்து ஒப்பித்தான். அக்குழந்தையை நான் குறைசொல்லேன். அவனிடமிருந்து செய்துபார்க்கும் இன்பத்தையும், தோற்றுப் பார்க்கும் உரிமையையும், தன் சொல்லில் விளக்கும் பெருமிதத்தையும் பறித்துக்கொண்டவர்கள் பெரியவர்கள். பரிசும் அவனுக்கே கிடைத்தது. அதுதான் கொடுமை.

வாங்கிவந்த பொறிக்கு வாங்கிவந்த சொல்லே போதும். செய்த பொறிக்குத்தான் சொந்தச் சொல் வேண்டும். இம்மாணவர்கள் தண்டு, சுருள், வளையம், கூர்முனை, தள்ளுவிசை, நிழல் என்று வீட்டில் வழங்கும் சொற்களைக் கொண்டே இப்பொறி முழுவதையும் எனக்கு விளக்கினார்கள். எங்கும் தடுக்கவில்லை. தமிழால் இயலுமா என்று கேட்போர் இவர்களிடம் வந்து கேட்கட்டும். சொல் எளிதாக வந்ததற்குக் கரணியம் இவர்களுக்குப் பொருள் தெரிந்திருந்தது. பொருள் தெரியாதவனுக்குத்தான் சொல் கடினமாகத் தோன்றும். அவன்தான் அயற்சொல்லின் மறைவில் ஒளிந்துகொள்வான். "எடுத்தால் நிற்காது, ஐயா" என்ற அந்தச் சிறு தொடரில் எர்ன்சாவின் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கவில்லையா?

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, இனி வரும் கண்காட்சிகளில் பொறியின் அருகே அதன் தோல்விக் குறிப்பேட்டையும் வைக்கச் சொல்லுங்கள். குறிப்பேடு இல்லாத பொறிக்கு மதிப்பெண் இல்லை என்று முன்னரே அறிவித்துவிடுங்கள். மற்றொன்று, இந்தப் பொறியைக் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டி வைத்துவிடாதீர்கள். அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்கள் அதனைப் பிரிக்கட்டும்; இரண்டு கலம் உடையட்டும்; மீண்டும் சேர்க்கட்டும். உடைந்த கலத்தின் விலை, கல்லாமல் போவதன் விலையினும் குறைவே.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் இதனினும் பெரிய பொறிகளைச் செய்வீர்கள். அவற்றைப் பார்த்து ஊர் கைதட்டும். கைதட்டும் நேரத்தில் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: இது எந்த இடத்தில் உலகைத் தொடுகிறது? இதற்கு நான் கொடுத்த விலை எது? அதனை மறைக்காமல் காட்டியிருக்கிறேனா? இந்த மூன்று கேள்விக்கும் உங்கள் தாய்மொழியில், நெஞ்சறிய விடை சொல்ல முடிந்தால், நீங்கள் செய்தது வேடிக்கையன்று, அறிவியல்.

உழைத்த கைகள் வாழ்க! உண்மை சொல்லும் நா வாழ்க!